பழைய காருக்குப் புது டயர்: வேலூர் வெயிலில் எதைப் பார்த்து வாங்குவது?

அப்பா ஓட்டிய கார் இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கலாம். அல்லது பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் நீங்களே வாங்கியதாக இருக்கலாம். இன்ஜின் நன்றாகத்தான் ஓடுகிறது. சர்வீஸுக்கு விட்டால் "டயர் மாத்திடுங்க சார்" என்கிறார்கள். வீட்டில் கேட்டால் "பட்டன் இன்னும் இருக்கே, அதுக்குள்ள எதுக்கு?" என்கிறார்கள். (பட்டன் என்பது சாலையைத் தொடும், பள்ளம் வெட்டிய ரப்பர் பகுதி.) யார் சொல்வது சரி என்று தெரியாமல் முதல்முறை டயர் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் குறைவாக ஓடும் குடும்பக் காரின் டயர் தேய்ந்து முடிவதற்கு முன்பே வயதாகி முடிந்துவிடும். சத்துவாச்சாரியிலோ காந்தி நகரிலோ வீட்டு வாசலில் வாரம் முழுக்க வெயிலில் நிற்கிற கார், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் எப்போதாவது சென்னைக்கும் போய் வருகிறது. வருடத்துக்கு ஐந்தாறாயிரம் கிலோமீட்டர் ஓடினாலே பெரிது. ஆனால் வெயில் விடுமுறை எடுப்பதில்லை. சூடும் வெளிச்சமும் காற்றிலுள்ள ஓசோனும் சேர்ந்து ரப்பரின் நெகிழ்வைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுகின்றன. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் இந்த வேலை வேகமாக நடக்கும். அதனால் தேய்மானத்தைப் பார்ப்பதோடு டயரின் பிறந்த தேதியையும் பாருங்கள். பழைய டயரைக் கழிக்கும்போதும் சரி, புது டயரை வாங்கும்போதும் சரி, இதுதான் முதல் கேள்வி.

இப்போது இருக்கும் டயரைப் படிப்பது

காலையில், வண்டி நிழலில் நிற்கும்போது ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். டயரின் பக்கவாட்டில் ஆங்கிலத்தில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் எழுத்துவரிசை இருக்கும். அதன் கடைசியில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நான்கு எண்கள். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம், அதாவது ஜூன் வாக்கில் தயாரானது. சில டயர்களில் இந்த எண் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். வெளிப்பக்கம் தெரியவில்லை என்றால் உள்பக்கம் பாருங்கள். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிவைத்தால் முன்டயரின் உள்பக்கம் தெரியும்.

ஐந்து வருடம் தாண்டிய டயரை ஆண்டுக்கு ஒருமுறையாவது தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பத்து வருடம் ஆனது எப்படி இருந்தாலும் கழிக்க வேண்டியதுதான். இது டயர் நிறுவனங்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. வேலூர் வெயிலில் நிற்கும் வண்டிக்கு நான் ஆறு வருடத்தையே எல்லையாக வைப்பேன். குழந்தைகளையும் பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிற வண்டி என்பதால் சொல்கிறேன்.

அடுத்து பட்டனின் பள்ளத்தைப் பாருங்கள். பள்ளங்களின் அடியில் குறுக்காகச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். அவை 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் வைக்கப்பட்டவை. பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளும் காருக்கு அதைத்தான் எல்லையாகச் சொல்கின்றன. மழைக்கு அதுவரை காத்திருக்கக் கூடாது. பள்ளத்தின் வேலையே சாலையில் தேங்கிய தண்ணீரை வெளியே தள்ளுவதுதான். மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே வந்தாலே நவம்பர் மழையில் பிடிப்பு குறையத் தொடங்கிவிடும்.

பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் வலைபோல ஓடுகின்றனவா என்று தடவிப் பாருங்கள். எங்காவது புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது என்று பொருள். புடைத்த டயரை ஒரு நாள்கூட நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கடைசியாக, தேய்ந்த விதம். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகமாக அடித்து ஓட்டியிருக்கிறார்கள். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் என்றால் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்கள் நிற்க வேண்டிய கோணம், போயிருக்கிறது, அல்லது அடியில் இணைப்புகளில் இருக்கும் ஏதோ ரப்பர் புஷ் தளர்ந்திருக்கிறது. மேடும் பள்ளமுமாக அங்கங்கே தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகப்படுங்கள். பழைய காரில் இதைச் சரிபார்க்காமல் புது டயர் போடுவது வீண்செலவு. லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராடு முனை ஆகியவற்றை ஒரு மெக்கானிக்கிடம் காட்டி, தளர்ந்ததை மாற்றிவிட்டு அப்புறம் டயர் கடைக்குப் போங்கள். முறை மாறினால் புது டயரும் ஒரே வருடத்தில் ஓரம் தேய்ந்து நிற்கும்.

அளவு

டயரில் 165/80 ஆர்14 85டி என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் நிறைய ஓடும் பழைய டிசையர்களில் இருக்கும் அளவு இது. 165 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. 'ஆர்' என்றால் ரேடியல், இன்றைய கார் டயர்களின் வழக்கமான வகை. 14 ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். 85 என்பது எடை தாங்கும் எண்: ஒரு டயருக்கு 515 கிலோ. கடைசியில் வரும் 'டி' வேக எழுத்து: மணிக்கு 190 கிலோமீட்டர்.

நாம் யாரும் 190-இல் போகப்போவதில்லையே என்று அந்த எழுத்தை அலட்சியம் செய்யாதீர்கள். எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. எடை எண்ணும் வேக எழுத்தும் கம்பெனி சொன்னதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கலாம். கீழே போகக் கூடாது.

இப்போது மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து அளவை முடிவு செய்யாதீர்கள். பழைய வண்டியில் முன்பு வைத்திருந்தவர் எதையாவது மாற்றி மாட்டியிருப்பார். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும்; அதிலும் வண்டியோடு வந்த புத்தகத்திலும் சரியான அளவும் காற்றழுத்தமும் இருக்கும். அதைப் போன் கேமராவில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

"கொஞ்சம் அகலமா போட்டா வண்டி கெத்தா இருக்கும், பிடிப்பும் நல்லா இருக்கும்" என்று கடையில் ஆசை காட்டுவார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 165-இல் 80 சதவீதம் 132 மில்லிமீட்டர். மேலும் கீழும் சேர்த்து 264. 14 அங்குல ரிம் 355.6. மொத்த உயரம் ஏறக்குறைய 620 மில்லிமீட்டர். 185/70 ஆர்14 போட்டால் 614.6 வரும், வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. 175/65 ஆர்14 போட்டால் 583-தான் வரும். ஆறு சதவீதம் குறைவு. ஸ்பீடோமீட்டர் உண்மையைவிட அதிக வேகம் காட்டும், வண்டியின் அடி தாழ்ந்து வேகத்தடையில் உரசும். மூன்று சதவீதத்தைத் தாண்டும் எதையும் தொடாதீர்கள். பழைய இன்ஜினுக்கு அகலமான டயர் கூடுதல் சுமை, மைலேஜும் இறங்கும். குடும்பக் காருக்குக் கம்பெனி அளவே நல்லது என்பது என் கருத்து.

எந்த வகை, எந்த பிராண்டு

பிராண்டு கேள்விதான் எல்லோரும் முதலில் கேட்பது. நான் அதைப் பின்னால் தள்ளி வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பழைய வட ஆற்காட்டுக்குள், இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்து அரக்கோணத்திலேயே எம்.ஆர்.எஃப். தொழிற்சாலை இருக்கிறது. அப்பல்லோ, சியட், ஜே.கே., மிஷெலின் எல்லாமே சென்னையைச் சுற்றி ஆலை வைத்திருக்கின்றன. பெயர்பெற்ற எந்த நிறுவனத்தின் டயரும், சரியான அளவில் புதிதாக இருந்தால், நம் தேவைக்குப் போதும். இரண்டு வருடம் கிடங்கில் கிடந்த உயர்ந்த பிராண்டைவிட, போன மாதம் தயாரான நடுத்தர பிராண்டை நான் தயங்காமல் எடுப்பேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும். கார் டயருக்கான தர எண் ஐ.எஸ். 15633.

பிராண்டைவிட வகைதான் யோசிக்க வேண்டியது. ஒரே நிறுவனத்திலேயே நீண்ட நாள் உழைப்பது, பிடிப்பும் சொகுசும் தருவது, எரிபொருள் மிச்சம் பிடிப்பது என்று தனித்தனி மாடல்கள் இருக்கும். "இது எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடும்" என்று சொல்லி விற்கும் டயர் உங்களுக்கு வேண்டுமா? வருடத்துக்கு ஆறாயிரம் ஓடினால் ஆறு வருடத்தில் முப்பத்தாறாயிரம். அதற்குள் ரப்பருக்கு வயதாகிவிடும். மிச்ச கிலோமீட்டருக்குக் கொடுத்த காசு வீணாவதோடு, அந்த நீண்ட ஆயுளுக்காகச் சில மாடல்களில் ரப்பரைக் கடினமாக்கியிருப்பார்கள். ஈரச் சாலையில் பிடிப்பு குறையலாம். குறைவாக ஓட்டுபவர்கள் ஈரப் பிடிப்பு நன்றாக இருக்கும் மாடலைக் கேளுங்கள். தினமும் ஆம்பூர், வாணியம்பாடி என்று வேலைக்குப் போய் வருகிறவர், மாதத்துக்கு நாலைந்து முறை சென்னை போகிறவர் என்றால் கணக்கு மாறும். அவர்களுக்கு நீண்ட நாள் உழைக்கிற மாடல்தான் லாபம்.

கடையில்

இரண்டு மூன்று கடைகளுக்குப் போன் செய்து விலை கேளுங்கள். கேட்கும்போது முழு விலையாகக் கேளுங்கள்: டயர், புது வால்வு, கழற்றி மாட்டும் கூலி, பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமப்படுத்துவது), அலைன்மெண்ட், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து எவ்வளவு, பழைய டயருக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்று. டயரின் விலையை மட்டும் குறைத்துச் சொல்லி மற்றதில் பிடித்துக்கொள்வது சகஜம். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. பில்லில் அதைச் சரிபாருங்கள்.

அப்புறம் அந்த முக்கியமான கேள்வி. "அண்ணே, எந்த வாரத்து டயர் இருக்கு?" என்று கேளுங்கள். "புது ஸ்டாக்தான் சார்" என்ற பதில் போதாது. நான்கு எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நல்ல கடைக்காரர் முகம் சுளிக்காமல் அனுப்புவார். ஆறு மாதத்துக்குள் என்றால் சந்தோஷமாக வாங்கலாம். ஒரு வருடத்துக்குள் என்றால் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் வேறு கடை பாருங்கள், அல்லது புதிதாக வரவழைக்கச் சொல்லுங்கள். பழைய ஆல்ட்டோவின் 145/80 ஆர்12 போன்ற சின்ன அளவுகள் இப்போது அதிகம் விற்பதில்லை. கடையில் நாள்பட்டுக் கிடக்க வாய்ப்பு அதிகம். இரண்டு நாள் காத்திருந்தாலும் புதிய தேதியில் வாங்குவதே மேல். நான்கு டயரிலும் தனித்தனியாகத் தேதியைப் பாருங்கள், ஒன்றில் பார்த்துவிட்டு விடாதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் டயர் வேண்டவே வேண்டாம். "கார் சும்மாவே நிக்குது, இதுக்குப் பழசு போதும்" என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். அதன் உள்நூல் எத்தனை பள்ளத்தில் அடிபட்டது என்று வெளியே தெரியாது. தேய்ந்த டயரில் சூடான கத்தியால் பள்ளத்தைக் கீறி ஆழமாகக் காட்டுவதும் உண்டு. கார் டயரில் அப்படிக் கீறுவதற்கான ரப்பர் கனமே கிடையாது. நான்கு புதிது வாங்கக் கை இடிக்கிறது என்றால், இப்போது இரண்டு, ஆறு மாதம் கழித்து இரண்டு என்று வாங்குங்கள்.

இரண்டு மட்டும் வாங்கினால் அவற்றைப் பின்னால் மாட்டச் சொல்லுங்கள். "முன்வீல்தானே இழுக்குது, முன்னாடி போடலாம்" என்று கடையில் மறுப்பார்கள், நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள். முன்டயர் ஈரத்தில் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பிவிடும். பின்டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், சாதாரணமாக ஓட்டுகிறவர்களால் அதை மீட்க முடியாது. இருப்பதில் நல்ல பழைய இரண்டும் முன்னால் போகட்டும். ஒரே அச்சில் இருக்கும் இரண்டு டயரும் ஒரே பிராண்டு, ஒரே மாடலாக இருக்க வேண்டும்.

இன்னொரு யோசனையும் வரும்: "ஸ்டெப்னி புதுசாவே இருக்கு சார், அதை ஒண்ணு மாட்டிட்டு மூணு வாங்கிக்கோங்க." டிக்கியைத் திறந்து அதன் தேதியைப் பாருங்கள். வண்டியோடு வந்த ஸ்டெப்னி என்றால் வண்டியின் வயதுதான் அதற்கும். ஒருநாளும் ஓடாமல், பட்டன் முழுசாக, கறுகறுவென்று இருக்கும். ஆனால் பன்னிரண்டு வருட ரப்பர். அதையும் சேர்த்துக் கழிக்க வேண்டும். ஐந்தாவது டயர் வாங்க முடியாவிட்டால், இப்போது கழற்றும் நான்கில் வயது குறைந்த, வெடிப்பில்லாத ஒன்றை ஸ்டெப்னியாக வையுங்கள். அவசரத்துக்குப் பஞ்சர் கடை வரை மெதுவாக ஓட்டிப்போக அது போதும்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

டீ குடிக்கப் போய்விடாதீர்கள். பழைய டயரைக் கழற்றியதும் ரிம்மைப் பாருங்கள். பழைய இரும்பு ரிம்மில் டயர் உட்காரும் ஓரத்தில் துரு ஏறியிருக்கும். அதைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டுத்தான் புதிதை ஏற்ற வேண்டும். இல்லையென்றால் வாரம் ஒருமுறை காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். ரிம் ஓரம் வளைந்திருந்தால் அன்றைக்கே பெண்ட் எடுக்கச் சொல்லுங்கள், எடுக்க முடியாத அளவுக்கு என்றால் ரிம்மையே மாற்றிவிடுங்கள். காற்று நிற்கவில்லை என்று டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போட்டுக் கொடுப்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். டியூபும் டயரும் உரசிச் சூடாகும், கிழிந்தால் காற்று ஒரே அடியாக இறங்கும்.

ரப்பர் வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அதன் விலை மிகக் குறைவு. டயருக்கு ஆன வயது அதற்கும் ஆகியிருக்கும். சில டயர்களில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், சிலவற்றில் வெளிப்பக்கம் எது என்று எழுதியிருக்கும். அதன்படி மாட்டியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான்குக்கும் பேலன்சிங், கடைசியில் அலைன்மெண்ட். அலைன்மெண்ட் முன்பும் பின்பும் எப்படி இருந்தது என்று மிஷினில் வரும் தாளைக் கேட்டு வாங்கி வையுங்கள். போல்ட்டை மிஷினால் இறுக்கினாலும், கடைசி முறுக்கு, குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ஸ்பேனரால் (torque) கையில் இருக்கட்டும். அதிகமாக இறுகிவிட்டால் வழியில் பஞ்சரானபோது உங்களால் கழற்ற முடியாது.

நைட்ரஜன் அடிக்கட்டுமா என்பார்கள். இலவசம் என்றால் அடித்துக்கொள்ளுங்கள். காசு கேட்டால் சாதாரணக் காற்றே போதும்; அதிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

பில்லில் ஒவ்வொரு டயரின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும், வாரண்டி அட்டையில் கடை முத்திரை வேண்டும். பின்னால் புடைப்பு வந்து வாரண்டி கேட்கப் போனால், பட்டன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்து அதற்கேற்பக் கழித்துத்தான் கொடுப்பார்கள். வண்டிக்குப் பதினைந்து வருடம் நெருங்குகிறது, ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் போக வேண்டும் என்றால், டயர் மாற்றும் வேலையை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அங்கே வண்டியைப் பார்க்கும்போது டயரையும் பார்ப்பார்கள்.

வாங்கிய பிறகு

முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். அச்சிலிருந்து எடுப்பதற்காகப் பூசிய வழுவழுப்பு தேய்ந்து போகும்வரை முழுப் பிடிப்பு இருக்காது. நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை வீல் போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம்.

காற்று விஷயத்தில்தான் நம் ஊர்க்காரர்கள் பெரிய தவறான நம்பிக்கை ஒன்றை வைத்திருக்கிறார்கள். வெயில் காலத்தில் டயர் வெடிக்கும், அதனால் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும் என்பது அது. நடப்பது நேர் எதிர். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்புதான் சூட்டை உண்டாக்குகிறது. மே மாதம் மதியம், ஐந்து பேரும் சாமானுமாக, கொதிக்கிற நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டி நூறு வேகத்தில் போகும்போது, குறைந்த காற்றும் வயதான ரப்பரும் சேர்ந்தால்தான் வெடிக்கிறது. ஸ்டிக்கரில் இருக்கும் அளவைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் வையுங்கள். முழுச் சுமைக்குத் தனி அளவு போட்டிருந்தால், திருப்பதிக்கோ திருவண்ணாமலைக்கோ குடும்பத்தோடு கிளம்பும் அன்று அதை வையுங்கள். ஓடிச் சூடான டயரில் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து இறக்கிவிடாதீர்கள்.

பங்க்கில் இருக்கும் மீட்டரை நம்பாமல் சொந்தமாக ஒரு சின்ன கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து. எட்டாயிரம் முதல் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்டயரையும் பின்டயரையும் இடம் மாற்றிப் போடுங்கள். வருடத்துக்கு அவ்வளவு ஓடாது என்றால் வருடத்துக்கு ஒருமுறை. வண்டி நிற்கும் இடத்தில் ஒரு ஷீட்டோ மரநிழலோ கிடைத்தால் நல்லது.

பழைய டயர்களைக் கடையிலேயே விட்டுவிடலாம். ஆனால் வெடிப்பு விட்ட டயர் திரும்ப இன்னொருவர் வண்டியில் ஏறாமல் இருக்க, உங்கள் கண்முன்னே பக்கவாட்டைக் கத்தியால் கிழித்துவிடச் சொல்லுங்கள். விலையில் நூறு இருநூறு குறைத்தாலும் பரவாயில்லை. வீட்டுக்கு எடுத்து வந்து மொட்டை மாடியில் போட்டால் மழைத்தண்ணீர் தேங்கி டெங்கு கொசு வளரும். போகிக்கு எரிக்கவும் கூடாது. அந்தப் புகையைத் தெருவே சுவாசிக்க வேண்டியிருக்கும்.